கழுதைக்காதுக் கொடி

"கையா இது, கொள்ளிக்கட்டையா? தொட்டதெல்லாம் உதிருதேடி!"

தோன்யா தோமாசா முற்றத்தின் நடுவில் நின்று மடியை உதறினாள். விரல் நீளம்கூட வளராத வனிலாக் காய்கள், காம்பில் மஞ்சள் பாய்ந்து, பொலபொலவென்று மண்ணில் விழுந்தன. கோழிகள் ஓடிவந்தன. ஒன்றைக் கொத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

"கோழிகூட வேணாங்குது பாரு."

"தெக்கத்திக் காத்து அத்தை," என்றாள் மருமகள் ஹசிந்தா. "நெருப்பாட்டம் அடிச்சுதுல்ல. அதுல..."

"ஓஹோ. தெக்கத்திக் காத்து ஓடைக்கு அந்தப்பக்கம் அடிக்கலையாக்கும்? அகாபிதோ தோட்டத்துல கொத்துக் கொத்தா நிக்குது. ஊர் பூராவும் நிக்குது. காத்து நம்ம வேலியப் பாத்துக் குனிஞ்சு உள்ள வந்துச்சாக்கும்!"

"போன வருஷமும் இப்படித்தானே விழுந்துச்சு..."

"அதத்தான்டி நானும் சொல்றேன்! போன வருஷமும் தொட்டது நீதான், இந்த வருஷமும் தொட்டது நீதான். செஃபெரினோ! வாயத் தொறந்து ஏதாவது சொல்றியா இல்லையா?"

மகன் செஃபெரினோ ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து தீட்டுகிறான். இன்னும் கொஞ்சம் தீட்டினால் பிடி மட்டும்தான் மிஞ்சும். அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

"காப்பி இருக்கா?" என்றான்.

எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் காய்ந்த துணியையே எடுத்து மறுபடியும் உலர்த்தினார்கள். தண்ணீருக்குப் போனவர்களுக்குக் குடத்தைத் தோள் மாற்றிக்கொள்ள அந்த வேலியோரம்தான் வசதியாக இருந்தது. பொஸோ வியெஹோ சின்ன ஊர். ஒரு வீட்டில் சோள மாவு அரைத்தால் இன்னொரு வீட்டில் அம்மி அதிரும்.

தோமாசா குரலைத் தாழ்த்தினாள். அவள் கத்தும்போது யாரும் பயப்படுவதில்லை. குரல் தாழ்ந்தால்தான் வினை.

"ஏசுவோட திருவுடல் திருநாள் முடியட்டும். மரத்தையெல்லாம் வெட்டிப் புல்லு போட்டுருவோம். என் மூத்த மகன் மாடு தரேன்னு சொல்லிட்டான். நீ உங்கம்மா வீட்டுக்குக் கெளம்பு. உன்மேல எனக்குக் கோவமில்ல. சிலருக்குக் கை அப்படி. ஆனா அந்தக் கைய வச்சுக்கிட்டு இந்த வீட்டுல இருக்க முடியாது."

ஹசிந்தா காய்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். எதற்குப் பொறுக்கினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அம்மா வீட்டுக்குப் போவதென்றால் அவளுக்கு வேறு கணக்கு. அங்கேயும் வனிலாதான் சோறு போடுகிறது. சூட்டுக் கைக்காரி என்று பெயர் வாங்கியவளைப் பெற்ற தாயே தோட்டத்து வழியாக நடக்க விடமாட்டாள். கண்முன்னாலேயே ஓர் ஆள் இருந்தாள்: லொரென்சா. புருஷன் வீட்டிலிருந்து இதே பெயரோடு திருப்பி அனுப்பப்பட்டவள். தண்ணீருக்குப் போகக்கூட அப்பனுடைய தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு பன்றிப் பட்டி வழியாகத்தான் போகவேண்டும். அடுக்களைச் சாய்ப்பில்தான் படுக்கை. கூடப் பிறந்தவனின் பிள்ளையைத் தூக்கினாலும், "பாத்து, பாத்து" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். எந்தத் தோட்டக்காரன் அவளை மறுபடி கட்டுவான்?

எங்கள் பக்கம் வனிலாப் பூவைத் தேனீ நம்பி விட்டுவைப்பதில்லை. ஏதோ ஒரு காட்டுத் தேனீ உண்டு, அது நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. கையால்தான் தொடவேண்டும். பூ விடியலில் விரியும், உச்சிவெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். அதற்குள் ஒவ்வொன்றையும் தேடி, இடது கையில் ஏந்தி, நாரத்தை முள்ளால் உதட்டைக் கிழித்து, உள்ளேயிருக்கும் சின்ன மூடியைத் தூக்கி, மகரந்தத்தைக் கீழே சரித்து, பெருவிரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான். தொடாத பூ மறுநாள் விழும். தொட்டது காம்போடு நின்று காயாகும். குளிர்ந்த கை, சூட்டுக் கை என்று எங்களில் பிரித்து வைத்திருப்பது இதனால்தான். குளிர்ந்த கைக்காரிக்குப் பூக்காலத்தில் நடையே வேறு மாதிரி இருக்கும்.

ஹசிந்தா தன் கையைக் குளிர வைக்கப் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. விடியலுக்கு முன் ஓடையில் மணிக்கட்டு வரை கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். துளசி கசக்கித் தேய்ப்பாள். மிளகாயைத் தொடமாட்டாள். ரொட்டிக்கல் பக்கமே போகமாட்டாள். அதனால் சோள ரொட்டி தட்டும் வேலை தோமாசாவின் தலையில் விழுந்தது. அவள் தட்டிய ரொட்டி ஓரத்தில் தடிப்பாகவும் நடுவில் ஓட்டையாகவும் வந்தது. அதற்கும் மருமகளின் கைதான் காரணம்.

இவ்வளவுக்கும் கொடி பார்க்க அவ்வளவு அழகு. முள்முருங்கை மரங்களைச் சுற்றித் தடித்த பச்சைக் கயிறு போல ஏறி, கவையில் மடிந்து தொங்கும். இலை அகலம் அகலமாக, எண்ணெய் தடவியதுபோல. கல்யாணச் சீராக வந்த கொடி அது. திருமணத்துக்கு ஞானத்தகப்பனாக நின்ற தோன் அகாபிதோ தன் தோட்டத்திலிருந்து ஆள் உயரத்துக்கு வெட்டி, வாழையிலையில் சுற்றி, மேளத்தோடு கொண்டுவந்து இறக்கியது. ஞானத்தகப்பன் தரும் கொடியைப் பிரித்துப் பார்ப்பதோ என்ன ரகம் என்று கேட்பதோ எங்களில் இல்லை. அப்படிக் கேட்டால் அவர் வீட்டில் சோறில்லையா என்று கேட்டமாதிரி. வாங்கி, முத்தமிட்டு, ஈர மண்ணில் படுக்க வைக்கவேண்டும். அவ்வளவுதான்.

*

லொரென்சா அன்று ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துவைக்கும் கல்லில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார மற்ற பெண்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். ஹசிந்தா போய் உட்கார்ந்தாள்.

"வா, வா," என்றாள் லொரென்சா. "நாள் குறிச்சாச்சாமே. பன்னிப் பட்டிப் பக்கம் ஒனக்கும் ஒரு வழி போட்டுரலாம். பேச்சுத் துணைக்கு ஆச்சு."

"சிரிக்காத லொரென்சா."

"அழுதும் பாத்துட்டேன்டி. சாய்ப்புல மழை ஒழுகுறது நிக்கல."

இருவரும் துணியை அடித்தார்கள்.

"ஒங்க கொடியும் அகல இலைதானே?" என்றாள் ஹசிந்தா.

"ஆமா. முறம் மாதிரி. என் மாமியார் அதத்தானே சொல்லிச் சொல்லிக் காட்டுனா. இவ்வளவு கொழுத்த கொடிய வச்சுக்கிட்டு ஒரு காய் நிக்கலையே, ஒன் கையில என்ன அடுப்பா எரியுதுன்னு."

"ஃபிதென்சியா வீட்டுலயும் அதே பேச்சுதான்."

"மேட்டுத் தெருக் காரீதாத் கதையும் அதான். அவ புருஷன் அவளைத் தோட்டத்துப் பக்கமே விடுறதில்ல."

ஹசிந்தா துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி ஓடைத் தண்ணீரில் நீளமாக இழுபட்டது.

"லொரென்சா. ஒன் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பன் யாரு?"

"தெரியாத மாதிரி கேக்குற. அகாபிதோதான். என் பெரியம்மா புருஷன்ல."

"ஃபிதென்சியாவுக்கு?"

லொரென்சா திரும்பிப் பார்த்தாள். "அவருதான்."

"காரீதாத்துக்கு?"

அடித்துக்கொண்டிருந்த கட்டையை லொரென்சா மெதுவாகக் கல்லில் வைத்தாள். "ஏசுவே," என்றாள்.

இத்தனை வருஷம் இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யார் வீட்டில் காய் உதிர்ந்தது, யாரை எப்போது திருப்பி அனுப்பினார்கள், கல்யாணத்துக்கு யார் நின்றார்கள், வான்கோழி வெந்திருந்ததா இல்லையா, எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஹலாபா நகரத்திலிருந்து ஒரு படித்த பெண் வந்து வாத்தியார் வீட்டில் தங்கியிருந்தாள். பெயர் இரேனே. ஊர் ஊராகப் போய் வனிலாக் கொடிகளைப் பார்த்து, இலையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அமுக்கி எடுத்துப்போவது அவள் வேலை. வனிலா என்பது ஒரு பெரிய குடும்பம், அதில் நூற்றுக்கு மேல் வகை உண்டு, ஆப்பிரிக்காவில் உண்டு, ஆசியாவில் உண்டு, இலையே இல்லாமல் வெறும் தண்டாக ஏறுவதும் உண்டு, ஆனால் மணக்கிற காய்க்கு இந்த மலையடிவாரக் காடுதான் பிறந்த வீடு என்று அவள் சொன்னபோது எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு சொந்தக்காரர்கள் உலகம் பூரா இருந்தும் பூக்காலத்தில் ஒருத்தர் வந்து ஒத்தாசை செய்வதாக இல்லையே என்று வாத்தியார் பெண்டாட்டி கேட்டாள்.

ஹசிந்தா அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தாள். இரேனே இலையைத் தடவிப் பார்த்தாள், பூவை விரித்துப் பார்த்தாள், உதிர்ந்த காயைக் கீறிப் பார்த்தாள்.

"இதுக்கு இங்க கழுதைக்காதுன்னு பேரு இல்லையா?"

"பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். பாத்ததில்ல."

"இதான் அது. வேற இனம்னு நெனைக்காதீங்க, உங்க நல்ல கொடியும் இதுவும் ஒரே இனந்தான். ஆனா இதுக்குத் தன் மகரந்தம் ஒத்துக்காது. அதே பூவுல எடுத்து அதே பூவுல வச்சா கொஞ்ச நாள் காய் மாதிரி நிக்கும், அப்பறம் விழுந்துரும். யார் தொட்டாலும் விழும். வேற கொடியிலேர்ந்து மகரந்தம் கொண்டுவந்து வச்சுப் பாருங்க. நிக்கும்."

"யார் தொட்டாலுமா?"

"நான் தொட்டாலும்."

ஹசிந்தா தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள்.

வேறு கொடிப் பூவுக்கு எங்கே போவது? பூக்காலத்தில் தோட்டத்துப் பூ வேலி தாண்டினால் பின்னாலேயே காயும் போய்விடும் என்று எங்களுக்கு ஒரு பயம். ஹசிந்தா வீடு வீடாகப் போனாள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தி புருஷன் ஊரில் இல்லை. ஒருத்தி உட்காரவைத்து மொச்சையும் பூசணி விதையும் வைத்து வேகவைத்த இலைக்கொழுக்கட்டை கொடுத்து, மாமியார் என்ன சொன்னாள், புருஷன் என்ன சொன்னான் என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "பூவ மட்டும் கேக்காத தாயி" என்றாள்.

கொடுத்தவள் லொரென்சா ஒருத்திதான். அவள் போகமுடியாத தோட்டத்தில் அவள் கொண்டுவந்த சீர்க்கொடி இன்னும் பூத்துக்கொண்டிருந்தது. விடியலில் புருஷன் வீட்டு வேலியைத் தாண்டிக் குதித்து, மடி நிறையப் பறித்துக்கொண்டு, நாய் துரத்த ஓடிவந்தாள். "என் சொந்தக் கொடியிலயே திருடுறேன் பாரு!" என்று மூச்சு வாங்கச் சிரித்தாள். இருவரும் முழங்கை வரை பிசுபிசுக்க, வெயில் ஏறும்வரை தொட்டார்கள். தோமாசா வாசலில் நின்று பார்த்தாள். ஒரு சூட்டுக் கைக்கு ரெண்டு சூட்டுக் கை என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காய்கள் பச்சையாக நின்றன. ஹசிந்தா விடிந்ததும் போய்ப் பார்ப்பாள், மத்தியானம் போய்ப் பார்ப்பாள். லொரென்சாவுக்கு மலைப்பாதையிலிருந்து கையைத் தூக்கிக் காட்டுவாள், நிற்கிறது என்று. அந்த நாட்களில் அவள் பாடக்கூடச் செய்தாள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பிறகு ஒரு காலையில் காம்பில் மஞ்சள் தெரிந்தது. மறுநாள் தரை முழுதும் காய்.

இரேனே வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பூ எங்கேர்ந்து எடுத்தீங்க?"

சொன்னார்கள்.

"ஐயோ. அது வேற கொடியில்ல. அதுவும் இதுவும் ஒரே தண்டுலேர்ந்து வெட்டினது. நாலு வீட்டுலயும் ஒரே கொடிதான் ஏறிக்கிட்டிருக்கு. நான் அதச் சொல்லாம விட்டது தப்பு."

"அப்போ நான் எங்க போறது?" என்றாள் ஹசிந்தா. இரேனே மலையடிவாரத்தைக் கையால் காட்டினாள். காட்டில் தானாக ஏறிய கொடி முன்பெல்லாம் மலையடிவாரம் முழுதும் இருந்ததாகவும், இப்போது அங்கே மேய்ச்சல் நிலம்தான் இருப்பதாகவும், தான் தேடித் தேடி ஓய்ந்துவிட்டதாகவும் சொன்னாள். ஹசிந்தாவின் தோட்டத்தில் தெற்குப் பக்க நிழலில் கடைசிக் கொத்துகள் சில மொட்டோடு இருந்தன. அவ்வளவுதான் மிச்சம்.

*

தோன் அகாபிதோ காலைப் பலகாரத்தில் இருந்தார். மொச்சை வைத்துத் தட்டிய தடித்த சோள அடை, பன்றிக் கொழுப்பில் வெந்தது. அடுப்படியில் அவர் மனைவி ஃபெலீசித்தாஸ் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஹசிந்தா குனிந்து அவர் கையை முத்தமிட்டாள்.

"வா மகளே. உக்காரு. ஒனக்கும் ரெண்டு வைக்கச் சொல்லட்டுமா?"

"வேணாம் ஞானப்பா. ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"ஞானப்பன்கிட்ட கேக்காம யாருகிட்ட கேப்ப? சொல்லு."

"நாலு பூ வேணும். ஒங்க காய்க்கிற கொடிலேர்ந்து. ஒரே ஒரு காலையில."

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தவில்லை. மெல்வது மட்டும் மெதுவாயிற்று.

"காய்க்கிற கொடின்னா? என் தோட்டத்துல காய்க்காத கொடி இருக்கா?"

"எங்களுக்குக் குடுத்தது காய்க்கல ஞானப்பா."

"கொடிக்கு என்ன? என் தோட்டத்துலயே அதுதான் கொழுத்த கொடி. பாத்துப் பாத்து வெட்டினது. காய் சுமக்குற கொடில கத்தி வைக்கக் கூடாது, அது புள்ளத்தாச்சிய அடிக்கிற மாதிரி. எங்கப்பா சொல்லிக் குடுத்தது. காய் இல்லாம எது தெம்பா நிக்குதோ அதுலேர்ந்துதான் எல்லாருக்கும் வெட்டினேன். ஒன்னப் போலவே எல்லாருக்கும்."

"அதான் ஞானப்பா. காய்க்காததாலதான் அது கொழுத்து நின்னுச்சு."

ரொட்டி தட்டும் சத்தம் நின்றது.

அகாபிதோ தட்டைக் கீழே வைத்தார். கெட்ட மனுஷர் என்று அவரை யாரும் சொல்லமுடியாது. யார் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் போய் நிற்பார், மேளக்காரனுக்குத் தன் கையிலிருந்து கொடுப்பார், குடித்தால் அழுவார். முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"யார் சொல்லிக் குடுத்தது இத? அந்த ஹலாபாக்காரியா?"

"லொரென்சாவுக்கும் நீங்கதான் குடுத்தீங்க. ஃபிதென்சியாவுக்கு, காரீதாத்துக்கு. எல்லாருக்கும் உதிருது. எல்லாருக்கும் கைல சூடாமா ஞானப்பா? நாங்க அப்படி என்ன பண்ணிட்டோம்?"

"சத்தமாப் பேசாத."

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். பூவ மட்டும் குடுங்க. காய் நின்னாப் போதும். மழையில நின்னுச்சு, மாதாவுக்கு வேண்டிக்கிட்டேன், ஏதோ சொல்லிக்கிறேன்."

"நீ சொல்லமாட்ட. கொடி சொல்லுமே!" அவர் எழுந்து நின்றார். "என் பூ வந்த ஒடனே ஒன் வீட்டுல காய் நின்னா ஊருக்குக் கண்ணு இல்லையா? எத்தன கல்யாணத்துக்கு நின்னிருக்கேன். எத்தன வீட்டுல அரிவாள் இருக்கு. எல்லாரும் என் வாசலுக்கு வருவான். அகாபிதோ மலட்டுக் கொடியக் குடுத்து எங்க குடும்பத்தக் கெடுத்தான்னு. நான் தெரிஞ்சா செஞ்சேன்?"

"தெரியாமதான் செஞ்சீங்க. இப்பத்தான் தெரிஞ்சு போச்சே."

அவர் கண் தொப்பியைத் தேடியது.

"திருநாள் முடிஞ்சா என்ன அனுப்பிருவாங்க ஞானப்பா. எங்கம்மா என்ன உள்ள சேக்கமாட்டா. எனக்குப் போக இடமில்ல."

அவள் மண்டியிட்டு அவர் கையை மறுபடி பிடித்தாள். அவர் உருவிக்கொண்டார். வெடுக்கென்று, சுட்டுக்கொண்டவர் போல. உருவிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்திருக்கவேண்டும். கையைச் சட்டையில் துடைக்கப்போய், துடைக்காமல், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

ஃபெலீசித்தாஸ் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. கல்லில் ரொட்டி கருகும் வாசனை ஓடைவரைக்கும் வந்தது.

*

இரண்டொரு நாள் கழித்து, பால்காரன் வரும் வேளையில், ஃபெலீசித்தாஸ் தெரு நடுவில் நடந்து வந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பார்க்கட்டும் என்றுதான் அவள் அந்த வழியாக வந்தாள், ஓடை வழி குறுக்கு. முக்காடு இல்லை. கையில் சுரைக்குடுக்கை, அதில் வெளிறிய மஞ்சளில் வனிலாப் பூ. மூடவும் இல்லை. பின்னால் தூரத்தில் அகாபிதோ வந்துகொண்டிருந்தார். "ஏ! ஏ பொம்பள!" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். கடைத் திருப்பத்தில் ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, சுருட்டுக்கு நெருப்புக் கேட்க வந்தவர் போல அங்கேயே நின்றுவிட்டார்.

"என் தங்கச்சி மக பன்னிப் பட்டியச் சுத்தித் தண்ணிக்குப் போறா," என்றாள் ஃபெலீசித்தாஸ், முற்றத்தில் நுழைந்ததுமே, தோமாசாவைப் பார்த்து. "ஒன் கை அப்படித்தான், பொறுத்துக்கோன்னு நானே அவகிட்ட சொல்லிருக்கேன். இந்தா பூ. காய்க்கிற கொடிப் பூ."

தோமாசாவைச் சாமானியமாக எடைபோடக் கூடாது. ஒரு நொடி யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"வாங்க கொமாத்ரே, எங்க வீட்டு ஞானத்தாயே! நீங்க வந்ததே போதும். ஒங்க கை குளிர்ந்த கைன்னு ஊருக்கே தெரியும். நீங்களே தொட்டுருங்க, ஒங்க கையாலயே. இவ தள்ளி நிக்கட்டும்."

ஃபெலீசித்தாஸ் சரியென்று முள்ளுக்குக் கை நீட்டினாள். நல்ல எண்ணத்தில்தான். தொடப்போனது அவள் கை. காய் நின்றாலும் அவள் கைக்குத்தான் பேர் போகும். வேலியோரம் நின்ற எங்களில் பாதிப் பேருக்கு அது உடனே புரிந்தது. மீதிப் பேர் பிறகு புரிந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

"வேணாம் ஞானம்மா," என்றாள் ஹசிந்தா. முள்ளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "நீங்க தொட்டாக் காய் நிக்கும். நான் இங்க நிக்கமாட்டேன். நான்தான் தொடுவேன்."

"பெரியவங்க சொல்றப்போ எதுத்துப் பேசுறா பாருங்க..."

"நான்தான் தொடுவேன் அத்தை. நேத்து வரைக்கும் தொட்ட அதே கை. எல்லாரும் பாக்கட்டும்."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தெற்குப் பக்க மரத்துக்குப் போனாள். கழுவவில்லை, தண்ணீரில் முக்கவில்லை, துளசி தேய்க்கவில்லை. போகிற வழியில் அடுப்படிக்குள் நுழைந்து ரொட்டிக்கல்லின் ஓரத்தில் உள்ளங்கையை ஒரு கணம் அழுத்திவிட்டுப் போனாள் என்று சிலர் சொல்வதுண்டு. நம்புகிறவர்கள் நம்பலாம். பூத்திருந்ததில் ஒரு பாதிக்கு அதனதன் மகரந்தத்தையே வைத்தாள். மறு பாதிக்குக் குடுக்கையிலிருந்து எடுத்து வைத்து, காம்பில் சிவப்பு நூல் கட்டினாள். முள் ஆழமாக இறங்கியதில் ஒரு பூ கிழிந்துபோனது. கிழிந்த பூவைக் கீழே போடாமல் வாயில் கவ்விக்கொண்டு அடுத்ததைத் தொட்டாள். செஃபெரினோ ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்காக அவன் அந்த வருஷம் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் காத்திருப்பு. தெற்கத்திக் காற்று மறுபடி வந்து, புழுதியை வாரிக் கொட்டிவிட்டுப் போனது. நூல் இல்லாத காய்கள் மஞ்சளாகி விழுந்தன. நூல் கட்டியவை நின்றன. தினமும் விடிந்ததும் தோமாசா தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவதைப் பார்த்தோம். ஒரு நாள் நூலைச் சுண்டிக்கூடப் பார்த்தாளாம், விழுகிறதா என்று. விழவில்லை. விரல் நீளம் வந்து, விரலைத் தாண்டி நீண்டு, கொத்தாகத் தலைகீழாகத் தொங்கின.

திருவுடல் திருநாளுக்கு முந்தின நாள் தோமாசாவின் மூத்த மகனும் வந்துவிட்டான். வீட்டுக்குள் பேச்சு.

"சரி," என்றாள் தோமாசா. "கையில கொற இல்ல. நானே சொல்லிட்டேன், போதுமா? அப்போ கொற கொடியில. மலட்டுக் கொடிக்கு இவ்வளவு மரம் எதுக்கு?"

"பூ கொண்டாந்து தொட்டா நிக்குதே அத்தை," என்றாள் ஹசிந்தா. "கண்ணால பாத்தீங்களே. நல்ல கொடி ஒண்ணு ரெண்டு வாங்கி ஊடால வச்சா மூணாவது வருஷம் நம்ம தோட்டத்துலயே பூ..."

செஃபெரினோ வாயைத் திறந்தான். "அது வளர்ற வரைக்கும்? வருஷா வருஷம் அடுத்தவன் வாசல்ல நின்னு பூப் பிச்சை கேக்க என்னால ஆகாது. அகாபிதோ என்னப் பாத்தாலே காறித் துப்புறாரு. வெட்டிருவோம். புல்லுன்னா யாருகிட்டயும் போய் நிக்க வேண்டாம்."

அவ்வளவு நீளமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

திருநாள் முடிந்த மறுநாளே வெட்டினார்கள். முள்முருங்கை மெத்து மரம், அவன் தீட்டிவைத்திருந்த அரிவாளுக்கு வெண்ணெய் மாதிரி. ஒவ்வொரு மரமும் சாயும்போது கொடியும் கூடவே சடசடவென்று கிழிந்து இறங்கியது. சிவப்பு நூலோடு இருந்த காய்கள் தழைக்கடியில் எங்கேயோ போயின. ஹசிந்தா தேடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கடைசி மரம்வரை பார்த்தாள். வீட்டுப் பின்புறத்தில் அதுவரை வெயிலே பட்டதில்லை. அன்று மத்தியானம் அடுப்படிக்குள் வந்து அம்மிவரைக்கும் வெளிச்சம் அடித்தது.

"எந்திரி," என்றாள் தோமாசா, கொஞ்சம் கனிவாகவே. "ஆம்பளைங்க பசியோட வருவாங்க. ரொட்டியப் போடு. இனி ஒனக்குக் கல்லத் தொடுறதுக்கென்ன?"

ஹசிந்தா எழுந்து உள்ளே போனாள். மாவு பிசைந்தாள். எல்லாருக்கும் வேண்டிய அளவு ரொட்டி தட்டி, துணியில் சுற்றிக் கூடையில் வைத்தாள். பிறகு தன் இரண்டு பாவாடையையும் கல்யாண மேல்துணியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்கடி?"

"போறேன் அத்தை."

"யாரு ஒன்னப் போகச் சொன்னா? அந்தப் பேச்சுதான் முடிஞ்சு போச்சே!"

"யாரும் சொல்லல," என்றாள் ஹசிந்தா. "சொன்னப்போ இருக்கணும்னு இருந்துச்சு. இப்போ இல்ல."

தோமாசா வேலிவரை வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தோம். ஹசிந்தா போன பாதையையும் பின்னால் வெறுமையாகக் கிடந்த நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். செஃபெரினோ தழைக் குவியலுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தான். கூப்பிடுவான் என்று எதிர்வீட்டில் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான்.

ஹசிந்தா அம்மா வீட்டுக்குப் போகவில்லை. குத்தியெர்ரெஸ் சமோராப் பக்கம் ஒரு பெரிய தோட்டத்தில் பூத்தொட ஆள் எடுக்கிறார்கள் என்று இரேனே சொல்லி, அங்கே போனாள். இரண்டு பூக்காலம் கழித்து ஆற்றுத் துறையில் படகு ஓட்டும் இலாரியோனைக் கட்டிக்கொண்டாள். மனைவியை இழந்தவன், சொந்தமாக ஒரு செடிகூட இல்லாதவன், நன்றாகச் சிரிப்பான் என்கிறார்கள். லொரென்சாவின் புருஷன் தன் அப்பனையும் ஒரு வான்கோழியையும் கூட்டிக்கொண்டு அவளைத் திரும்ப அழைக்க வந்தான். அவள் வான்கோழியை வாங்கிக்கொண்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினாள். இப்போது போசா ரிக்காவில் ஒரு பேருந்து நடத்துநரின் மனைவி. காரீதாத் புருஷனோடேயே இருக்கிறாள். அவர்கள் வீட்டிலும் இப்போது புல்தான். ஃபிதென்சியா குடும்பம் வடக்கே போனது, பிறகு தகவல் இல்லை. அகாபிதோவின் வாசலுக்கு யாரும் அரிவாளோடு போகவில்லை. கல்யாணத்துக்கு நிற்கச் சொல்லியும் யாரும் போகவில்லை. ஃபெலீசித்தாஸ் மழைக்காலம் முடிந்ததும் லொரென்சா வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். செஃபெரினோவுக்குக் கோயூத்லாவிலிருந்து பெண் எடுத்தார்கள். சின்னப் பெண், அதிகம் பேசமாட்டாள். கல்யாணத்தன்று ஞானத்தகப்பனாக நின்றது அவனுடைய அண்ணன்தான். சீராக ஒரு கிடாரிக் கன்றைப் பிடித்து வந்து முற்றத்தில் கட்டினான். தோமாசா முதல் வேலையாக அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள்.